நூறு ராத்தல் பஞ்சும் எழுபது மணி நேரமும்

நூறு ராத்தல் பஞ்சு என்றால் இன்றைய கணக்கில் 45 கிலோ. ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் கட்டி எடுத்துப் போய்விடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியப் பெண்கள் ராட்டையில் உட்கார்ந்து இதை மெல்லிய ரக நூலாக நூற்று முடிக்க 50,000 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது என்று ஜவுளி வரலாறு எழுதியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தினமும் எட்டு மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் ஒரு ஆளுக்கு இருபது வருஷ வேலை. 1780 வாக்கில் இங்கிலாந்தில் கிராம்ப்டன் செய்த மியூல் என்ற நூற்பு இயந்திரம் வந்ததும் அதே நூறு ராத்தல் 2,000 மணி நேரத்தில் முடிந்தது. 1795 வாக்கில் அந்த மியூலை ஓட்டக் கையோடு விசையும் சேர்ந்ததும் 300 மணி நேரம். 1825இல் ராபர்ட்ஸ் என்பவர் செய்த தானியங்கி மியூலில் 135 மணி நேரம், அதாவது ஒரு ஆளுக்குப் பதினேழு நாள் வேலை.

இருபது வருஷம் பதினேழு நாளாகச் சுருங்கிவிட்டது. இங்கிலாந்தின் பஞ்சாலை வட்டாரமான லங்காஷயரின் தொழிலாளி நம் ஊர்ப் பெண்ணைவிட 370 மடங்கு சுறுசுறுப்பானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உழைத்த கை ஏறக்குறைய அதே கைதான், பக்கத்தில் நின்ற பொருள் வேறு.

இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இந்தியாவின் உற்பத்தித்திறன் உலகத்திலேயே மிகக் குறைவான வரிசையில் இருக்கிறது, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்ய முன்வர வேண்டும், போருக்குப் பிறகு ஜெர்மனியும் ஜப்பானும் அப்படித்தான் எழுந்தன என்று பேசினார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 மணி நேரமாக ஏற்றினார், வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற கேள்வியோடு. அதற்கெல்லாம் முன்பே, 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா ஒன்று நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தது நினைவிருக்கும்.

இந்தப் பேச்சு எல்லாவற்றிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. உற்பத்தித்திறன் என்பது ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு பொருள் அல்லது சேவை கிடைக்கிறது என்ற வகுத்தல் கணக்கு. மேலே உற்பத்தி, கீழே நேரம். நேரத்தைக் கூட்டினால் கீழே உள்ள எண் கூடுகிறது, அவ்வளவுதான். மேலே உள்ளதும் அதே வீதத்தில் கூடினால் உற்பத்தித்திறன் இருந்த இடத்திலேயே இருக்கும், பத்தாவது மணி நேரத்தில் கை தளர்ந்து நூல் அறுவது தெரியாமல் போனால் இறங்கவே செய்யும். மொத்த உற்பத்தி கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் வருமானம் வேலை செய்கிற ஆட்கள், அவர்கள் வேலை செய்கிற மணி நேரம், ஒரு மணி நேரத்துக்கு விளைவது என்ற மூன்றின் பெருக்கல். முதல் இரண்டுக்கும் உச்சி உண்டு. நாளுக்கு 24 மணி நேரம்தான், அதில் தூங்கவும் வேண்டும். மூன்றாவதற்குத்தான் உச்சி இல்லை. நூறு ராத்தல் கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

ஜெர்மனியை உதாரணம் சொல்கிறார்களே, அந்த ஜெர்மனியில் இன்று ஒரு தொழிலாளி வருஷத்துக்குச் சராசரியாக 1,350 மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறார். பகுதி நேர வேலைக்காரர்கள் அங்கே அதிகம் என்பதும் இந்த எண் இறங்க ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும். மெக்சிகோவில் சுமார் 2,200 மணி நேரம். மெக்சிகோக்காரர் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மதிப்பு ஜெர்மன்காரருடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போர் முடிந்த புதிதில் ஜெர்மானியர்கள் நிறைய நேரம் வேலை செய்தது உண்மைதான். ஆனால் 1956 மே தினத்திலேயே அங்கே தொழிற்சங்கங்கள், 'சனிக்கிழமை அப்பா எனக்கு' என்று ஒரு குழந்தை சொல்வது போலச் சுவரொட்டி அடித்து ஐந்து நாள் வாரம் கேட்கத் தொடங்கிவிட்டன, பின்னால் அதை வாங்கியும் விட்டன. நேரம் இறங்கிக்கொண்டே வந்தது, நாடு ஏறிக்கொண்டே போனது.

சரி, ஜப்பான்? அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. அது நம் கதையும்கூட.

கோயம்புத்தூருக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர், எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்ததுதான். ஒசாகாவுக்குக் கிழக்கின் மான்செஸ்டர் என்று பெயர். இரண்டுமே பஞ்சாலை ஊர். ஒசாகா ஸ்பின்னிங் கம்பெனி 1883இல், நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள் 10,500ஓடு ஓடத் தொடங்கியது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இல். பம்பாயோ இந்த இரண்டுக்கும் முப்பது வருஷம் மூத்தது. எல்லோரும் இயந்திரம் வாங்கியது பெரும்பாலும் லங்காஷயரில்தான், ஓல்டாம் ஊரின் பிளாட் பிரதர்ஸ் மாதிரியான கம்பெனிகளிடம். இன்னொரு வேடிக்கை, ஜப்பான் மில்களுக்குப் பஞ்சு நிறையப் போனது பம்பாயிலிருந்துதான். 1893இல் ஜாம்ஷெட்ஜி டாடாவோடு கூட்டுச் சேர்ந்து ஒரு ஜப்பான் கப்பல் கம்பெனி பம்பாய்க்கும் கோபேவுக்கும் நேரடியாகக் கப்பல் விட்டதே அதற்காகத்தான்.

பொருளாதார வரலாற்றாசிரியர் கிரெகரி கிளார்க் 1910ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலகத்துப் பஞ்சாலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஒரு மில் தொழிலாளி செய்த வேலையைச் செய்ய இங்கிலாந்தில் ஒன்றரை ஆள், ஜெர்மனியில் இரண்டே கால் ஆளுக்குக் கொஞ்சம் மேல், இந்தியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் ஏறத்தாழ ஆறு ஆள் தேவைப்பட்டார்கள். கவனியுங்கள், 1910இல் ஜப்பானும் நம்மோடு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது. அங்கேயும் ஆறு பேர், இங்கேயும் ஆறு பேர். வித்தியாசம் அதற்குப் பிறகு வந்தது.

இந்திய மில்லில் ஏன் ஆறு பேர்? ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் இரண்டு பக்கமும் கதிர்கள் வரிசையாக இருக்கும், ஒரு பக்கத்தை ஒரு சைடு என்பார்கள். அறுந்த நூலைப் பிணைத்து விடுவதும் சைடைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் சைடரின் வேலை. இங்கே ஒரு ஆளுக்கு ஒரு சைடு, தறிக்காரருக்கு இரண்டு தறி என்பது எழுதாத சட்டம். முதலாளிக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. ஆள் கூலி மலிவு, ஆளைச் சேர்த்துக் கொடுக்க ஜாபர் இருக்கிறார். மட்டப் பஞ்சு வாங்கி ஓட்டினால் நூல் அடிக்கடி அறும், அறுந்தால் பிணைக்க ஆள் இருக்கிறதே, அப்புறம் எதற்கு நல்ல பஞ்சு? என் பார்வையில் இதுதான் முடிச்சு. மலிவான கூலி ஒரு மெத்தை மாதிரி, அதில் படுத்த நிர்வாகம் சீக்கிரம் எழுந்திருக்காது. தொழிலாளி மந்தம் என்பவர்களும் உண்டு, நிர்வாகம் மந்தம் என்பவர்களும் உண்டு, ஆய்வாளர்கள் நடுவில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் இரண்டாவது கட்சி.

ஜப்பான் மில்களை மட்டும் உயர்த்திப் பேசிவிட முடியாது. கிராமத்துச் சின்னப் பெண்களை, அப்பாவின் கையில் முன்பணத்தைக் கொடுத்துக் கூட்டி வந்து, விடுதியில் அடைத்து, பகல் ஒரு பன்னிரண்டு மணி நேரம், இரவு ஒரு பன்னிரண்டு மணி நேரம் என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள். காசநோயோடு ஊர் திரும்பிய பெண்கள் ஏராளம். நம் பக்கத்தில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லிக் கூட்டி வந்தார்களே, அதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. வாரத்துக்கு 70 மணி நேரம் என்ன, அதற்கு மேலும் அந்தப் பெண்கள் வேலை செய்தார்கள். அப்படி வேலை செய்த காலத்தில்தான் அவர்கள் ஆறு பேராக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1929 ஜூலையில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தடை அங்கே நடைமுறைக்கு வந்தது. மில்காரர்கள் பல வருஷமாகத் தள்ளிப்போட்ட தடை அது. வந்ததும் இயந்திரம் ஓடும் நேரம் சட்டென்று குறைந்தது. குறைந்த நேரத்தில் அதே நூலை எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது, பஞ்சு இழையைக் குறைந்த படிகளில் நீட்டும் புதிய அமைப்புகளைப் பொருத்தினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், பல ரகப் பஞ்சைக் கலந்து நூல் அறாமல் ஓட்டும் பழைய கைப்பக்குவத்தை இன்னும் கூர்மையாக்கினார்கள், ஒரு பெண் பார்க்கும் கதிர்களின் எண்ணிக்கையை ஏற்றினார்கள். நெசவுப் பக்கம் சகிச்சி டொயோடா 1924இலேயே ஒரு தானியங்கித் தறி செய்திருந்தார். குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தால் தறி தானே மாற்றிக்கொள்ளும், நெடுக்கே ஓடும் பாவு நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நின்றுவிடும் என்பதுதான் அதில் பெரிய விஷயம். தறி தானே நிற்குமென்றால் பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒரே ஆள் முப்பது தறிக்கு மேல் கவனிக்கலாம். 1929இல் அந்தத் தறியின் உரிமத்துக்காக ஒரு லட்சம் பவுண்டு தர ஒப்பந்தம் போட்டது யார் தெரியுமா, அதே ஓல்டாம் பிளாட் பிரதர்ஸ். வாத்தியார் மாணவரிடம் பாடம் கேட்க வந்த நாள் அது. பின்னால் டொயோட்டா காராக வளர்ந்தது இந்தத் தறிக் கம்பெனியின் வயிற்றிலிருந்துதான். 1933இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனையே தாண்டிவிட்டது.

அதே வருஷங்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? பம்பாயில் 1928இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஆறு மாதம் வேலை நிறுத்தம் செய்தார்கள். காரணங்களில் முக்கியமானது 'ரேஷனலைசேஷன்' என்று மில்காரர்கள் பெயர் வைத்த ஏற்பாடு, ஒரு ஆளுக்கு ஒரு சைடு என்பதை இரண்டாக்கு, இரண்டு தறியை மூன்றாக்கு, நான்காக்கு. தொழிலாளி மறுத்தார். அவரைப் பிற்போக்கு என்று சொல்வது சுலபம். ஆனால் இன்னொரு சைடு எடுத்தால் பக்கத்துச் சைடில் நிற்கும் சொந்த ஊர்க்காரனுக்கு வேலை போகும், தனக்குச் சில அணா கூடலாம், கூடாமலும் போகலாம், பஞ்சு பழைய மட்டப் பஞ்சாகவே இருந்தால் இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் கால் வீங்கும். கணக்குத் தெரிந்த எவரும் மறுத்திருப்பார்கள்.

என் பெரியப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் சைடராக இருந்தவர். நாற்பது வருஷம் தள்ளிக் கோவையிலும் அதே பேச்சு வந்தது. நான் கல்லூரியில் பொருளாதாரம் எடுத்துப் படித்த கர்வத்தில் ஒரு நாள் அவரிடம், "ஏன் பெரியப்பா, ஆளுக்கு ரெண்டு சைடு பார்த்தா மில்லு நல்லா ஓடும்ல?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ரெண்டு சைடு பார்த்தா ரெண்டு சம்பளமா குடுக்கறாங்க?" என்றார். நான் படித்த பாடத்தில் அதற்குப் பதில் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஜப்பான் துணி இறங்கியபோது வெள்ளைக்கார அரசு சுவர் எழுப்பியது. 1933இல் பிரிட்டனுடையது அல்லாத துணிக்கு 75 சதவீத வரி. ஜப்பான் மில்கள் கோபித்துக்கொண்டு நம் பஞ்சை வாங்குவதை நிறுத்தின, பிறகு 1934இல் சமாதானம் ஆனது. வரி மில்களைக் காப்பாற்றியது. சைடு கணக்கு அப்படியே இருந்தது.

பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். உற்பத்தித்திறன் கூடினால் நாடு செழிக்கும் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. கூடிய விளைச்சல் யார் வீட்டுக்குப் போகிறது என்பது அந்த வரியில் இல்லை. பிரிட்டனிலேயே 1780க்கும் 1840க்கும் இடையில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் கூடியது, விலைவாசி கழித்த கூலி 12 சதவீதம்தான் கூடியது என்று ராபர்ட் ஆலன் என்ற வரலாற்றாசிரியர் கணக்கிட்டார். இரண்டு தலைமுறை புகையிலும் சாக்கடையிலும் வாழ்ந்து செத்த பிறகுதான் கூலி உற்பத்தியைத் துரத்திப் பிடிக்கத் தொடங்கியது. நம் நூற்புப் பெண்களுக்கோ அதுவும் இல்லை. ராட்டை நின்றது, அந்த இடத்துக்கு வேறு வேலை எதுவும் வரவில்லை. இயந்திரம் ஒரு ஊரில், வேலை போவது இன்னொரு ஊரில் என்று ஆகும்போது உற்பத்தித்திறனின் லாபமும் நஷ்டமும் கப்பல் ஏறி வேறு வேறு திசையில் போய்விடுகின்றன.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1913இல் ஹென்றி ஃபோர்டு தன் தொழிற்சாலையில் வண்டியை நகர விட்டு ஆளை நிற்க வைத்தார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்ட வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் நாள் பூரா ஒரே போல்ட்டை முறுக்கும் வேலையில் யாரும் தங்கவில்லை, 14,000 பேர் வேலை பார்த்த இடத்தில் ஆள் நிற்காமல் ஒரே வருஷத்தில் 50,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலர் என்றார், வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணி நேரமாகக் குறைத்தார். தர்மம் இல்லை, தேவை. காரின் விலையும் இறங்கிக்கொண்டே போனது, 1908இல் 850 டாலருக்கு விற்ற வண்டி 1920களின் நடுவில் 300 டாலருக்குக் கீழே கிடைத்தது. கூடிய திறன் கூலியாகவும் மலிவு விலையாகவும் குறைந்த நேரமாகவும் மூன்று வழியில் வெளியே வந்தது. பெரியப்பா இரண்டு சம்பளம் கேட்டார். ஃபோர்டு கிட்டத்தட்ட அதைத்தான் கொடுத்தார்.

ஒரு மில்லில், ஒரு கார் தொழிற்சாலையில் திறன் கூடினால் மொத்த நாடும் எப்படிப் பணக்கார நாடாகிறது என்பதற்குச் சலூன் ஒரு நல்ல பாடம். கோவையில் முடி வெட்டுபவரும் ஒசாகாவில் முடி வெட்டுபவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரு தலையை முடிப்பார்கள், நம்மவர் கூடவே ஒரு தலை மசாஜும் தட்டிவிடுவார். ஆனால் ஒசாகாக்காரரின் வருமானம் பல மடங்கு. கத்தரிக்கோல் அதேதான். பக்கத்துத் தெருவில் இருக்கும் தொழிற்சாலை, சலூன் பையனை நல்ல சம்பளத்துக்கு இழுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, அந்தச் சம்பளத்துக்கு ஈடாகக் கிடைக்காவிட்டால் யாரும் முடி வெட்ட வரமாட்டார்கள், எனவே முடி வெட்டும் கூலி ஏறுகிறது, அதைக் கொடுக்க வாடிக்கையாளர் கையிலும் காசு இருக்கிறது. வில்லியம் பாமோல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1960களில் இசைக் கச்சேரிகளை வைத்து இதை விளக்கினார். நால்வர் வாசிக்கும் கச்சேரிக்கு அன்றும் இன்றும் அதே நான்கு பேர், அதே நேரம், கூலி மட்டும் ஊரோடு ஏறியது. இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது, இழுத்துக்கொள்ளும் தொழிற்சாலை பக்கத்தில் இருக்க வேண்டும். சலூன் பையனுக்குப் போக வேறு இடம் இல்லையென்றால் நாட்டில் எத்தனை பளபளப்பான கம்பெனிகள் வந்தாலும் அவர் கூலி நகராது.

இந்தியாவின் சிக்கல் பெரும்பாலும் இந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. 2023-24 கணக்குப்படி வேலை செய்கிறவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் விவசாயத்தில், நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு சுமார் 18 சதவீதம். வகுத்துப் பார்த்தால் விவசாயத்துக்கு வெளியே வேலை செய்கிறவர் சராசரியாக விவசாயத்தில் இருப்பவரைப் போல நான்கு மடங்கு மதிப்பு உண்டாக்குகிறார். விவசாயி சோம்பேறி என்று எவனாவது சொன்னால் அவனை நடவு வயலில் ஒரு காலைப்பொழுது குனிய வைக்க வேண்டும். ஒரே ஏக்கரில் தேவைக்கு மேல் ஆட்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒட்டிக்கொண்டிருக்கக் காரணம் போக இடமில்லை என்பதுதான். 2018-19இல் விவசாயத்தில் இருந்தவர்கள் 42 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கொரோனாவில் ஊர் திரும்பியவர்களோடு அந்த எண் மேலே ஏறியது, 2023-24 வரை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. வளர்கிற நாட்டில் இது பின்னோக்கிய நடை.

போக இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொங்கு நாட்டையே பார்க்கலாம். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் இரண்டு மாடு, ஒரு ஆள், விடியும் முன்பே பூட்டினால் வெயில் ஏறும் வரை முன்னும் பின்னுமாக நடை, சால் சாலாகத் தண்ணீர். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் கோவைக்கு இறங்கியது. ஊரில் மில்கள் மளமளவென்று முளைத்தன. அதே மின்சாரத்தில் கிணற்றில் மோட்டாரும் ஓடியது, அந்த மோட்டாரையும் 1930கள் முடிவதற்குள் ஜி.டி.நாயுடு, பாலசுந்தரம் நாயுடு போன்றவர்கள் கோவையிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். மோட்டார் செய்யப் பவுண்டரி, பவுண்டரிக்கு லேத்து, மில்லுக்கு உதிரி பாகம். கவலைக்கால்வழியில் நடந்து தேய்ந்திருக்க வேண்டிய ஆள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாம், அவர் மகன் லேத்துப் பட்டறையில் சேரலாம். விவசாயத்தில் திறன் கூடிய அதே சமயத்தில் அதே ஊரில் கையை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார்கள். தஞ்சைப் பக்கம் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பின்னால் வந்தபோது பக்கத்தில் அப்படிப் பெரிதாக எதுவும் இல்லை, விடுபட்ட கைகள் திருப்பூருக்குப் பஸ் ஏறின.

மின்சாரம் பற்றி ஒரு சின்ன விலகல். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மின்மோட்டார் 1880களிலேயே கிடைத்தது, உற்பத்தித்திறன் கணக்கில் அது தெரிய 1920கள் ஆயின. காரணம், முதலில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள், கூரையில் ஓடும் அதே நீளத் தண்டு, அதே பெல்ட்டுகள், அதே மாடிக் கட்டடம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசைக்கு ஏற்றபடி கட்டடத்தையே மாற்றிக் கட்டிய பிறகுதான் பலன் வந்தது. செயற்கை நுண்ணறிவை வாங்கி வைத்துவிட்டு நாளைக்கே உற்பத்தி கூடவில்லையே என்று கேட்கும் அலுவலகங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கூரைத் தண்டுதான் ஞாபகம் வருகிறது.

இயந்திரம் வாங்கினால் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. 2008இலிருந்து சில வருஷம், மும்பைக்குப் பக்கத்தில் 17 நெசவுக் கம்பெனிகளில் நிக்கோலஸ் புளூம் என்ற பொருளாதார ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இறங்கினார்கள். சில ஆலைகளுக்கு மட்டும் நிர்வாக ஆலோசகர்களை அனுப்பினார்கள். அவர்கள் செய்தது ராக்கெட் வேலை ஒன்றுமில்லை. தரையில் கிடந்த குப்பையையும் கருவிகளையும் ஒதுக்கி வை, எந்த நூல் எந்த அலமாரியில் என்று எழுதி ஒட்டு, எந்தத் தறி எத்தனை தடவை நின்றது என்று தினமும் குறி, அதைக் காலையில் உட்கார்ந்து பேசு. முதல் வருஷத்தில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. அதே ஆட்கள், ஷிஃப்டு நேரமும் கூடவில்லை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், இந்தக் கம்பெனிகள் எவ்வளவு பெரிதாக வளர்கின்றன என்பதைத் தீர்மானித்ததில் முக்கியமானது முதலாளி வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்பது. நன்றாக நடக்கும் மில்லாக இருந்தாலும் வெளி ஆளை நம்பி மேனேஜராக்கமாட்டார்கள், தம்பி இருந்தால் இரண்டாவது ஆலை, இல்லையென்றால் இல்லை. நம் ஊர்ப் பங்காளிக் கம்பெனிகளைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொள்வார்கள். சின்னதாகவே நிற்கும் கம்பெனி நல்ல இயந்திரமும் வாங்காது, ஆளைப் பழக்கவும் செய்யாது, நாட்டின் சராசரி அங்கேதான் இறங்குகிறது.

இந்தச் சராசரியை எதால் அளக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு மணி நேரத்தில் தைக்கும் பீஸ் எண்ணிக்கையில் எந்த நாட்டுத் தையல்காரருக்கும் அவ்வளவாக இளைத்தவர் இல்லை, பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் கை எப்படி ஓடும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நாடுகளை ஒப்பிடும் கணக்கு பீஸில் போடப்படுவதில்லை, காசில் போடப்படுகிறது. டி-ஷர்ட்டின் விலையில் பெரிய பங்கு வடிவமைப்பு, பிராண்டு, கடை என்று ஐரோப்பாவில் நின்றுவிடுகிறது, அங்கே ரேக்கில் தொங்கவிடும் ஊழியரின் 'உற்பத்தித்திறன்' இங்கே தைத்த பெண்ணுடையதைவிடப் பல மடங்கு என்று அட்டவணை சொல்லும். ஆகவே இந்தியத் தொழிலாளியின் உற்பத்தித்திறன் குறைவு என்று யாராவது மேடையில் சொன்னால், துண்டுக் கணக்கா, காசுக் கணக்கா என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். காசுக் கணக்கென்றால் அந்தப் பெண் இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் அது மாறப்போவதில்லை. அந்த ஊர் தன் பெயரில் துணி விற்கக் கற்றுக்கொண்டால் மாறலாம், செயற்கை இழை, விளையாட்டு உடை என்று விலை கூடிய ரகத்துக்குப் போனால் மாறலாம், இரண்டும் முதலாளியின் வேலை.

ஜப்பானில் போருக்குப் பிறகு நடந்ததாக மூர்த்தி சொன்ன கதையில் விட்டுப்போன ஒரு பக்கம் உண்டு. 1955இல் அங்கே உற்பத்தித்திறன் மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். தொழிற்சங்கங்கள் முதலில் நம்பவில்லை, பெரியப்பா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். அதற்குப் பதிலாக மூன்று கொள்கைகளை எழுதி வைத்தார்கள். திறன் கூடுவதால் யாருக்கும் வேலை போகக் கூடாது, உபரி ஆட்களை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். எப்படிக் கூட்டுவது என்பதை நிர்வாகமும் தொழிலாளியும் உட்கார்ந்து பேச வேண்டும். கூடிய பலனை முதலாளி, தொழிலாளி, வாங்குபவர் மூவருக்கும் நியாயமாகப் பிரிக்க வேண்டும். எல்லாத் தொழிற்சாலையிலும் இது அட்சரம் பிசகாமல் நடந்தது என்று சொல்லவரவில்லை, கடுமையான வேலை நிறுத்தங்களும் நடந்தன. ஆனால் இரண்டாவது சைடை எடுக்க ஒருவரைக் கேட்கும் முன் அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டிலும் 1958 பிப்ரவரி 12இல் தேசிய உற்பத்தித்திறன் குழு தொடங்கப்பட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியிலிருந்து ஒரு வாரம் உற்பத்தித்திறன் வாரம். பெரியப்பாவின் மில்லிலும் அந்த வாரம் கேட்டில் பேனர் கட்டுவார்களாம், வாசகப் போட்டி வைப்பார்களாம். ஒரு வருஷம் அவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, எவர்சில்வர் தூக்குப் போசி. எழுதிய வாசகம் என்ன என்று கேட்டால் அவருக்கு ஞாபகம் இல்லை. போசி மட்டும் இன்னும் பெரியம்மாவிடம் இருக்கிறது.